மேப்பிள் வெட்டில் நீர் சொட்டினால்

குளிர்கால முடிவில் கிளையை வெட்டியதும் மேப்பிள் போன்சாயில் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரத்தில்) நீர் சொட்டுகிறது, மரம் செத்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். சாகாது, பயப்படாதீர்கள். வசந்தத்துக்கு முன் மரத்துக்குள் சாறு அழுத்தத்தோடு இருக்கும். அப்போது வெட்டினால் மேப்பிள் இப்படித்தான் ஒழுகும். துணி சுற்றிக் கட்ட வேண்டாம், தானாக நிற்கும். உறைபனி படாத இடத்தில் மட்டும் வையுங்கள்.

மிச்சமிருக்கும் தடித்த கிளைகளை இப்போது தொடாதீர்கள். புது இலைகள் விரிந்து முற்றிய பிறகு வெட்டினால் காயம் சீக்கிரம் மூடும், வெட்டுக்காயப் பசையும் பூசிவிடுங்கள். சிறு குச்சிகளை அடுத்த முறை இலை உதிர்ந்த கையோடு கழித்துவிடலாம். மொட்டை ஒட்டி வெட்டாமல் கொஞ்சம் குச்சி விடுங்கள். மேப்பிளில் வெட்டுவாய் சற்றுக் கீழ்வரை காயும். அப்புறம், ஒரே கணுவில் மூன்று நான்கு கிளை இருந்தால் இரண்டை மட்டும் வையுங்கள். இல்லையென்றால் அந்த இடம் வீங்கி அசிங்கமாகிவிடும்.