மலேசியாவின் சரவாக் மாநிலத் தலைநகர் குச்சிங்கிலிருந்து பாக்கோ தேசியப் பூங்காவுக்கு ஒரே நாளில் போய் வரலாமா? எப்படித் திட்டமிடுவது?

போய் வரலாம். ஆனால் தேதியை முடிவு செய்வதற்கு முன்னால் குச்சிங் பகுதிக்கான கடல் ஏற்ற வற்ற அட்டவணையை இணையத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நாங்கள் பார்க்காமல் போய்த்தான் பாடம் கற்றோம்.

பாக்கோ தீவு இல்லை, நிலத்தோடு ஒட்டிய தீபகற்பம்தான். ஆனாலும் பூங்காவுக்குச் சாலை கிடையாது. குச்சிங்கிலிருந்து பஸ்ஸிலோ, கைப்பேசியில் அழைக்கும் கிராப் வாடகைக் காரிலோ கம்போங் பாக்கோ படகுத்துறைக்கு வந்து, அங்கிருந்து ஏறத்தாழ அரை மணி நேரம் படகில் போக வேண்டும். ஒரு படகில் நான்கைந்து பேர் உட்காரலாம். தனியாகப் போனால் துறையிலேயே ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போன அன்று காலை கடல் நன்றாக வற்றியிருந்தது. கரைக்கு வெகு தூரத்திலேயே படகுக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டு, தண்ணீரைக் காட்டி "ஆயிர் சுருட்" என்றார், மலாயில் கடல் வற்றிவிட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான் விளக்கம். அறுபது வயதைத் தாண்டிய அம்மா, பஞ்சாபி சூட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, சப்பாத்தைக் கையில் பிடித்தபடி இறங்கி நடந்தார். திட்டு முழுக்க எனக்குத்தான்.

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஆறு மணி நேரம். காலையில் போகும்போது தண்ணீர் நிறைய இருந்தால், மாலை மூன்று மணிக்கு வற்றிப்போய்ப் படகுக்காரர் சீக்கிரம் கிளம்பச் சொல்லி அவசரப்படுத்துவார். அதனால் நண்பகல் வாக்கில் ஏற்றம் உச்சத்தில் இருக்கும் நாளாகப் பாருங்கள். போகும்போதும் சரி, வரும்போதும் சரி, படகு கரை வரை வரும். திரும்பும் நேரத்தை இறங்கும்போதே பேசிவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழைக்காலம், கடல் முரடாக இருக்கும். முடிந்தால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

சரி, ஒரு நாளில் என்ன பார்க்கலாம்? 1957-இல் அமைந்த இந்தப் பூங்கா 27 சதுர கிலோமீட்டர்தான் என்றாலும் எல்லாப் பாதையும் நடந்து முடியாது. நேரம் குறைவென்றால் தெலுக் பாக்கு என்ற சிறிய பாதை போதும். நல்லா நடப்பவர்கள் லிந்தாங் சுற்றுப்பாதைக்குப் போகலாம், மூன்று நான்கு மணி நேரம் ஆகும். மேலே மணற்பாங்கான குட்டை மரக்காடு, நிழலே இல்லை. அங்கேதான் பூச்சி தின்னும் குடுவைச் செடிகள் இருக்கின்றன. குனிந்து தேடுங்கள், தரையோடு தரையாக இருக்கும்.

எல்லாரும் தேடி வருகிற நீள்மூக்குக் குரங்கு, மலாய்க்காரர்கள் 'டச்சுக்காரக் குரங்கு' என்று கேலியாகச் சொல்வது, அதிகாலையிலும் மாலையிலும்தான் அலையாத்திக் காட்டுப் பக்கம் இறங்கும். அதாவது பகல் பயணிகள் வருவதற்கு முன்னும் போன பின்னும்! இதற்காகவே ஓர் இரவு அங்கேயே தங்குவதுதான் நல்லது என்பேன். பூங்கா விடுதியில் முன்பதிவு முக்கியம்.

கடலில் குளிக்க ஆசைப்படாதீர்கள், முதலை உண்டு. அப்புறம், சாப்பாட்டைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடுங்கள். நான் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தேன். நீண்டவால் குரங்கு ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் ஏறி, முதலில் முட்டையைத் தின்றது. காரமான மிளகாய்ச் சம்பலை மட்டும் தொடவில்லை.