வெறும் பட்வாரியா?

கேள்வி: காஷ்மீரி கவிஞர் மஹ்ஜூரை 'காஷ்மீரின் வேர்ட்ஸ்வொர்த்'னு சொல்றாங்களே, அவ்ளோ பெரிய ஆளா? வெறும் பட்வாரியா இருந்தவர்தானாமே?

பதில்: அந்த 'வெறும்'ங்கற வார்த்தையைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. பட்வாரின்னா நம்மூர்ல கர்ணம், கணக்குப்பிள்ளைன்னு சொன்னாங்களே அந்த வேலை. வயல் வயலா நடந்து, இது யார் நிலம், என்ன போட்டிருக்கு, எவ்ளோ வெளைஞ்சிருக்குன்னு எழுதற ஆள், எந்த வீட்டு அடுப்பு எரியலைன்னு அவருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? புல்வாமா பக்கம் மித்ரிகாம் கிராமத்துல பீர்னு சொல்ற முஸ்லிம் மதகுருமார் குடும்பத்துல பொறந்த குலாம் அகமது (மஹ்ஜூரோட சொந்தப் பேர்), பரம்பரையா வந்த மதகுரு வேலையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கலாம், வேணாம்னுட்டு இதுக்குப் போனார். மொதல்ல பாரசீகம், உருதுன்னு எழுதிட்டு அப்புறம்தான் தாய்மொழிக்கு வந்தார். நெல்லடிக்கிற பொண்ணுங்களும் படகு ஓட்டறவங்களும் அவர் பாட்டைப் பாடிக்கிட்டிருந்தாங்கன்னு நடிகர் பல்ராஜ் சாஹ்னியே எழுதியிருக்கார்.

சுதந்திரம் வந்தப்புறம் 'ஆசாதி'ன்னு, அதாவது சுதந்திரம்னு, ஒரு கவிதை எழுதினார், தயவுசெஞ்சு தேடிப் படிங்க. அதுல ஒரு ஏழைப் பொம்பளை அரிசி ஒளிச்சு வச்சிருக்காளான்னு அவ அக்குளை ஏழு தடவை தடவிப் பார்க்கறாங்க, இன்னொரு குடியானவன் பொண்டாட்டி கூடையில வச்சு சால்வையைப் போட்டு மூடி சுதந்திரத்தை வீட்டுக்குக் கொண்டு வர்றா. கூந்தலையும் கன்னத்தையும் பாடற கஸல் மரபுல வளர்ந்தவர் அக்குளை எழுதறார் சார்! அதுவும் எத்தனை தடவைன்னு எண்ணி எழுதறார். களத்துமேட்டுல நின்னு, அளந்து எடுத்துட்டுப் போற தானியத்தைக் கண்ணால பார்த்த ஆளுக்குத்தான் அந்த ஏழு வரும்.

அப்புறம் அந்தப் பட்டம். ஒரு கவிஞரைப் பெருசுன்னு சொல்ல எதுக்கு இன்னொரு நாட்டுக் கவிஞரைக் கூப்பிடணும்னு எத்தனை வருஷமா இதே பக்கத்துல கத்திக்கிட்டிருக்கேன், யாரும் கேக்கறதில்ல. அதுலயும் அந்த இங்கிலீஷ் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தே 1813-ல இருந்து இங்கிலாந்துல வெஸ்ட்மோர்லண்ட்ல முத்திரை வரி வசூல் பண்ற உத்யோகத்துல இருந்தவருங்க, அவரை யாராவது வெறும் ஸ்டாம்ப் ஆபீசர்னு சொல்றோமா? மஹ்ஜூர் எடுத்துப் பாடினது 16-ஆம் நூற்றாண்டுல அதே காஷ்மீர் மண்ணுல பாடின பெண் கவிஞர் ஹப்பா காதூன் வழியை. 1952-ல மஹ்ஜூர் இறந்தப்ப ஸ்ரீநகருக்குப் பக்கத்துல அத்வாஜன்ல, ஹப்பா காதூனோட சமாதின்னு ஜனங்க சொல்ற இடத்துக்குப் பக்கத்துலதான் அடக்கம் பண்ணினாங்க.