எடை சொல்லாத பலகையை வாங்காதீர்கள்: பால்சா விமானக் கேள்வி-பதில்

மிக இலகுவான பால்சா மரத்தில் மாதிரி விமானம் கட்டும் பழக்கத்துக்குப் பல ஆண்டு இடைவெளிக்குப் பின் திரும்புகிறவர்களின் கடிதங்கள் இந்த முறை. இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பள்ளிப் பருவத்தில் ரப்பர் முறுக்கிப் பறக்கவிடும் விமானங்கள் கட்டினேன். 30 ஆண்டு கழித்து ஆசை திரும்பியிருக்கிறது. 52 உருப்படிகள் கொண்ட கருவிப் பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். அந்த 52-இல் உங்கள் கைக்கு உதவுவது ஐந்தாறுதான். நான் வாங்கிய அப்படியொரு பெட்டியில் இருந்த ரம்பம் 3 மி.மீ. குச்சியைக்கூட நேராக அறுக்கவில்லை.

11-ஆம் எண் அலகு பொருந்தும் கத்திப்பிடி ஒன்று வாங்குங்கள். அலகுகளை 50 அல்லது 100 என மொத்தமாக வாங்குங்கள். மழுங்கிய அலகு பால்சாவை வெட்டாது, நசுக்கும். வெட்டிய ஓரம் பஞ்சு பஞ்சாக எழும்பினால் அலகை மாற்றிவிட வேண்டும். அளவுகோல் எஃகாக இருக்கட்டும். அலுமினியமாக இருந்தால் கத்தி அதன் விளிம்பையும் சீவிவிடும். குண்டூசி நூறு, அது எளிதாக இறங்குகிற மென்பலகை ஒன்று. பலகையை வாங்கும்போதே எஃகு அளவுகோலை அதன்மேல் செங்குத்தாக நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பலகை கோணலாக இருந்தால் அதன்மேல் கட்டுகிற இறக்கையும் கோணலாகத்தான் வரும். உப்புத்தாள் 180, 240, 400 மூன்றும் தட்டையான கட்டையில் ஒட்டியபடி. வெள்ளைப் பசை ஒரு சிறு புட்டி. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் 0.1 கிராம் வரை காட்டும் தராசு. அது ஏன் என்பதற்கு அடுத்த பதிலைப் படியுங்கள்.

முதல் விமானத்தை மிகச் சிறிதாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். 33 செ.மீ. இறக்கை உள்ளவை மலிவாகக் கிடைக்கும், ஆனால் அவற்றில் ஒரு கிராம் கூடினாலும் பறப்பது கெடும். 60 முதல் 75 செ.மீ. இறக்கை, சதுரப் பெட்டி போன்ற உடல், உடலுக்கு மேலே அமர்ந்த இறக்கை. இந்த அமைப்பில் தொடங்குங்கள்.

கேள்வி: 1.5 மி.மீ. பால்சா பலகை 20 வரவழைத்தேன். சில இறகுபோல் இருக்கின்றன, சில விறகுபோல் இருக்கின்றன. கேட்டால், “எல்லாம் பால்சாதான், இயற்கைப் பொருள் அப்படித்தான் இருக்கும்” என்கிறார் விற்றவர். என் பணம் போனதுதானா?

பதில்: இயற்கைப் பொருள் என்பது உண்மை. அதனால்தான் விற்பவர் எடை போட்டுப் பிரித்து விற்க வேண்டும்.

பால்சாவின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 64 கிலோவிலிருந்து 250 கிலோவரை போகும். வேறு எந்த மரத்தையும் தடிமன் சொல்லி வாங்கிவிடலாம். இந்த மரத்தில் தடிமன் பாதித் தகவல்தான். 1000 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. தடிமன் உள்ள பலகையின் கன அளவு 150 கன செ.மீ. அது 15 கிராம் இருந்தால் அடர்த்தி 100. 24 கிராம் என்றால் 160. 30 கிராம் என்றால் 200. கையில் எடுத்துப் பார்த்து இந்த வித்தியாசத்தை உறுதியாகச் சொல்ல முடியாது, தராசு சொல்லும். கணக்கு எளிது: கிராமை கன செ.மீ.-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்குங்கள். சில விற்பனையாளர்கள் கன அடிக்கு இத்தனை பவுண்டு என்று எழுதுவார்கள். அதை 16-ஆல் பெருக்கினால் கிலோ கணக்கு வந்துவிடும். 6 பவுண்டு பலகை என்றால் சுமார் 96.

ஆறு பலகை பிடிக்கும் விமானத்தில் 15 கிராம் பலகை போட்டால் 90 கிராம், 30 கிராம் பலகை போட்டால் 180 கிராம். எடை கூடக் கூட, விமானம் விழாமல் நிற்பதற்கு வேண்டிய வேகமும் கூடும். தரையில் மோதும்போது உடைவதும் அதிகம். வால் பக்கம் கனத்தால் இன்னும் மோசம். ஈர்ப்பு மையத்திலிருந்து வால், மூக்கைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் இருந்தால், வாலில் கூடிய ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டும். அதனால் வாலுக்கு 80 முதல் 100 வரை, இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகளான விலாக்களுக்கு 100-ஐ ஒட்டி, இறக்கையின் நீளத்துக்கு ஓடும் நெடுஞ்சட்டத்துக்கு 160-க்கு மேல் என்று பிரித்து வாங்க வேண்டும். கனமான பலகை கெட்ட பலகை அல்ல. எங்கே போகும் என்று சொல்லாமல் எல்லாவற்றையும் ஒரே விலைக்கு, ஒரே கட்டில் தள்ளிவிடுவதுதான் தவறு.

மரம் அறுக்கப்பட்ட திசையையும் கேளுங்கள், அதை வைத்துத்தான் ஏ, பி, சி என்று ரகம் பிரிக்கிறார்கள். ஏ ரகப் பலகையை அகலவாக்கில் வளைத்தால் ஒடியாமல் வளையும். இறக்கையின் முன்விளிம்பைச் சுற்றிப் போர்த்த அதுதான் வேண்டும். சி ரகத்தின் முகத்தில் மீன்செதில்போலப் புள்ளி புள்ளியாக மினுங்கும்; அகலவாக்கில் விறைப்பாக நிற்கும், விலாவுக்கு மிக நல்லது, வளைத்தால் பிளந்துவிடும். பி ரகம் இரண்டுக்கும் நடுவே. நான் ஒருமுறை எடையும் ரகமும் கேட்காமல் வாங்கிய கட்டில் பாதிக்கு மேல் சி ரகம். உடலைப் போர்த்த அதில் ஒன்றும் உதவவில்லை.

பால்சா விலை ஏறியதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. காற்றாலை இறக்கைகளின் உள்ளீடாக இந்த மரம் பெருமளவில் போகிறது. 2020 வாக்கில் அந்தத் தேவை திடீரென உயர்ந்தபோது, பெருமளவு பால்சா வருகிற ஈக்வடாரிலேயே மரத்துக்குத் தட்டுப்பாடு. மாதிரி விமானம் கட்டுகிறவர்கள் சிறு வாடிக்கையாளர்கள். அந்தச் சிறு வாடிக்கையாளர் கூடுதல் விலையும் கொடுத்து, எடையும் தெரியாமல் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் பணத்துக்கு வருகிறேன். 20-ஐயும் தனித்தனியே நிறுத்து, தராசில் எண் தெரியும்படி படமெடுங்கள். பலகையில் எதுவும் எழுதாதீர்கள், வெட்டாதீர்கள். ஓரத்தில் சிறு காகிதம் ஒட்டினால் போதும். விளம்பரத்தில் ‘மாதிரி விமானத்துக்கு ஏற்றது’, ‘இலகு ரகம்’ போன்ற சொற்கள் இருந்தால் அதையும் படமெடுத்து, 25 கிராமுக்கு மேலுள்ள பலகைகளை மட்டும் மாற்றித் தரச் சொல்லி எழுதுங்கள். மொத்தத்தையும் திருப்பி எடுக்கச் சொல்வதைவிட இதற்கு அவர்கள் இணங்க வாய்ப்பு அதிகம். மறுத்தால் கனமானவற்றை நெடுஞ்சட்டத்துக்கும் குறுக்குத் தடுப்புகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள்மேல் தவறில்லை.

கேள்வி: பழைய நிக்கல்-காட்மியம் சார்ஜர் நன்றாக வேலை செய்கிறது. புது லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை அதில் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. லிப்போ செல் 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டும். உங்கள் சார்ஜர் அங்கே நிறுத்தாது, செல் உப்பித் தீப்பிடிக்கும்.

கேள்வி: பெட்டியின் மேல் முழு விமானத்தின் படம். உள்ளே லேசரில் வெட்டிய விலாக்களும் தடுப்புகளும் மட்டும். குச்சி இல்லை, கம்பி இல்லை, போர்த்தும் தாள் இல்லை. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: நீங்கள் வாங்கியது ‘ஷார்ட் கிட்’. வளைவான பாகங்களை மட்டும் வெட்டிக் கொடுப்பார்கள். நீளக் குச்சியும் பலகையும் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். அது நேர்மையான வியாபாரம்தான், விளக்கத்தில் அப்படி எழுதியிருந்தால். எழுதாமல் முழு விமானத்தின் படத்தைப் போட்டிருந்தால் அது ஏமாற்று. உள்ளே இருந்ததை வரிசையாகப் பரப்பிப் படமெடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒரு குறிப்பு. லேசர் வெட்டிய ஓரம் கருகியிருக்கும், அந்தக் கரியின்மேல் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டுகிற இடத்தை 240 உப்புத்தாளால் ஓரிரு முறை தேய்த்தால் போதும். கறுப்பு முழுவதும் போகும்வரை தேய்த்தால் பாகம் சிறுத்துவிடும்.

கேள்வி: சூப்பர் குளூ மொத்தமாக மலிவு என்று 100 மி.லி. புட்டி ஐந்து வாங்கினேன். சில மாதங்களில் மூன்று கூழாகிவிட்டன. விற்றவர் பொறுப்பேற்க மாட்டேன் என்கிறார்.

பதில்: அவர் ஏன் ஏற்க வேண்டும்? 70 செ.மீ. விமானம் ஒன்றுக்கு 20 மி.லி.கூடத் தேவைப்படாது. நீங்கள் வாங்கியது 25 விமானத்துக்கான பசை, அதுவும் காற்றின் ஈரத்தில் இறுகுகிற பொருள். எத்தனை கட்டப் போகிறோம் என்று எண்ணிப் பார்க்காமல் மலிவை மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

மீதி இரண்டு திறக்காமல் இருந்தால், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் காற்றுப்புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஈரம் படிந்து இதுவும் கூழாகும். சிந்தியதைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடேறும். இனி 20 கிராம் புட்டிக்கு மேல் வாங்காதீர்கள்.

கேள்வி: கட்டித் தயாராக வரும் ரேடியோ விமானம் வாங்கினேன். இரண்டாவது பறப்பில் மோட்டார் முன்தட்டோடு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. நான் தரையில் மோதியதால்தான் என்கிறார்கள். மோதவே இல்லை.

பதில்: உங்களை நம்புகிறேன். இதற்குச் சான்று உடைந்த இடத்திலேயே இருக்கிறது. முன்தட்டின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பசையோடு மர நார் கிழிந்து ஒட்டியிருந்தால் பசை நன்றாகப் பிடித்திருந்தது, மரம்தான் கிழிந்தது என்று பொருள். அப்போது மோதலால் உடைந்தது என்று அவர்கள் சொல்ல இடமுண்டு. பசை வழவழவென்று பளபளத்தாலோ, சில இடங்களில் பசையே இல்லாமல் வெறும் மரம் தெரிந்தாலோ, தொழிற்சாலையில் ஒழுங்காக ஒட்டவில்லை. இரு பக்கத்தையும் மிக அருகிலிருந்து படமெடுங்கள். உந்துவிசிறி அலகின் நுனியையும் எடுங்கள். அதில் சிராய்ப்பு இல்லை என்பது தரையில் மோதவில்லை என்ற உங்கள் பேச்சுக்குத் துணை. படங்களை அனுப்பும்வரை எதையும் திரும்ப ஒட்டாதீர்கள். விடாமல் கேளுங்கள், மாற்று உடல் கேட்பது உங்கள் உரிமை.

தயார்நிலை விமானம் வாங்குகிற மற்றவர்களுக்கு: முதல் பறப்புக்கு முன் முன்தட்டின் உள்மூலைகளிலும் சக்கரக் கால் பொருத்தும் கட்டையைச் சுற்றியும் 30 நிமிடத்தில் இறுகும் எபாக்சிப் பசை ஒரு வரி ஓட்டுங்கள். கீல்கள் ஒவ்வொன்றையும் விரலால் இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: 1970-களின் பழைய கிட், பிரிக்காத பெட்டி, ஏலத்துக்கு வருகிறது. கட்டத்தான் கேட்கிறேன்.

பதில்: கட்டுவதற்கென்றால் பிரித்த பெட்டியைத் தேடுங்கள். பிரிக்காததற்குக் கூடுதல் விலை தருகிறவர் சேகரிப்பாளர். உங்களுக்கு அந்த விலையால் ஒரு பயனும் இல்லை, உள்ளே பூச்சி அரித்திருந்தாலும் தெரியாது. பிரித்த பெட்டியில் வரைபடம் முழுதாக இருக்கிறதா, அச்சிட்ட பலகைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று படம் கேட்கலாம். ஈரம் படாத பால்சா பல பத்தாண்டு நிற்கும், கொஞ்சம் நொறுங்கும் தன்மை வரும். ரப்பர், குழாய்ப் பசை இரண்டும் வீண் என்றே கணக்கில் வையுங்கள். வரைபடத்தை நகலெடுத்து அதன்மேல் கட்டுங்கள். நகல் சுருங்கியோ நீண்டோ போகவில்லை என்று ஒரு விலாவை அதன்மேல் வைத்துச் சரிபாருங்கள்.

கேள்வி: இறக்கையைப் போர்த்தப் பரிசுப்பொருள் சுற்றும் மெல்லிய தாளே போதும் என்றார் கடைக்காரர். தண்ணீர் தெளித்ததும் இரண்டு இடத்தில் கிழிந்தது, சாயமும் போனது. கிழியாத இறக்கை முறுக்கிக்கொண்டது.

பதில்: கடைக்காரர் தவறாகச் சொல்லிவிட்டார். ஈரத்தில் கிழியாமல் நின்று, காயும்போது இறுகுவதுதான் மாதிரி விமானத் தாளின் வேலை. பரிசுத் தாளிடம் அதை எதிர்பார்க்க முடியாது. எந்தத் தாளையும் முதலில் ஒரு துண்டு நனைத்து இழுத்துப் பாருங்கள், கிழித்தும் பாருங்கள். நேராகக் கிழிகிற திசையில் நார் ஓடுகிறது, அந்தத் திசை இறக்கையின் நீளவாக்கில் அமையட்டும்.

முறுக்கியது தாளின் குறை அல்ல. தண்ணீர் தெளித்த இறக்கையைக் காயும்வரை பலகையில் குண்டூசியால் அழுத்தி வைத்திருக்க வேண்டும், அடியில் காற்றோட்டத்துக்குச் சிறு குச்சிகள் கொடுத்து. இப்போதைக்குக் கெண்டியின் ஆவியில் காட்டி, எதிர்ப்பக்கம் சற்று அதிகமாகவே முறுக்கி, ஆறும்வரை கையில் பிடித்திருங்கள். தாளை இறுக்கும் பூச்சான நைட்ரேட் டோப் பூசுவதானால் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து, இறுக்கம் குறைய ஓரிரு சொட்டு விளக்கெண்ணெய் சேருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கேள்வி: “2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்” என்று வாங்கினேன். என் டிரான்ஸ்மிட்டரும் 2.4-தான். இணையவில்லை.

பதில்: அலைவரிசை ஒன்றானாலும் ஒவ்வொரு நிறுவனமும் தனி நெறிமுறை வைத்திருக்கிறது. நெறிமுறைப் பெயர் இரண்டிலும் பொருந்துகிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிட் வந்து எட்டு மாதம் ஆகிறது. இன்றுதான் திறந்தேன். இரண்டு விலாக்கள் குறைகின்றன. யாரிடம் முறையிட?

பதில்: வந்த அன்றே பாகப்பட்டியலோடு சரிபார்த்திருந்தால் விற்றவர் இரண்டு விலாவையும் உறையில் போட்டு அனுப்பியிருப்பார். எட்டு மாதம் கழித்து அதை அவரிடம் வற்புறுத்த முடியாது. அதே அளவுள்ள விலா ஒன்றை வார்ப்பாக வைத்து, 100 அடர்த்தியுள்ள சி ரகப் பலகையில் நார் விலாவின் நீளவாக்கில் ஓடும்படி இரண்டு வெட்டுங்கள். நான்கைந்து விலாக்களோடு சேர்த்துக் குண்டூசியால் கோத்து, எல்லாவற்றையும் ஒன்றாக உப்புத்தாளில் தேய்த்தால் அளவு சரியாகிவிடும். நெடுஞ்சட்டம் நுழையும் வெட்டுகளை அதற்குப் பிறகு அறுங்கள்.