லாட்ஜ் வைத்தியரும் ஒன்பது வருடச் சர்க்கரையும்

கேள்வி: எனக்கு 48 வயது. குடியாத்தத்தில் கைலித் தறி ஓட்டுகிறேன். ஒன்பது வருடமாகச் சர்க்கரை, மூன்று வருடமாக பிரஷர். பீடிப் பழக்கம் உண்டு. ஒரு வருடமாக மனைவியுடன் சேர முடியவில்லை. விறைப்பே வருவதில்லை, விடியற்காலையிலும் இல்லை. காட்பாடியில் ஒரு லாட்ஜுக்கு மாதம் இரண்டு நாள் வரும் வைத்தியர் நாடி பார்த்து, சிறு வயதுக் கைப்பழக்கத்தால் வந்த நரம்புத் தளர்ச்சி என்றார். 90 நாள் லேகியத்துக்கு 18,000 ரூபாய். 6,000 கட்டிவிட்டேன், ஒரு டப்பா தீர்ந்தது. பிரஷர் மாத்திரையால்தானோ என்று அதை நிறுத்திவிட்டேன். மீதிப் பணத்தைக் கட்டலாமா? இல்லை, மெடிக்கலில் கிடைக்கும் மாத்திரையே போதுமா?

பதில்: கட்டாதீர்கள். 6,000 போனது போனதுதான், கேட்கப் போனால் இன்னும் 2,000 வாங்கிக்கொண்டுதான் அனுப்புவார்கள்.

கைப்பழக்கத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தப் பழக்கம் ஆளை வற்ற வைக்கும் என்றால் ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. உங்களுக்கு வந்திருப்பது சர்க்கரையின் வேலை, பீடி அதற்குக் கூட்டாளி. ஏரித் தண்ணீர் குறையும்போது முதலில் காய்வது எது? கடைமடைதானே. உடம்பிலும் அப்படித்தான். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் இதயத்தின் குழாயைவிட மெல்லியது. சர்க்கரையும் புகையும் குழாயின் உள்சுவரைக் கெடுக்கும்போது அடைப்பு அங்கே முதலில் தெரியும், மாரடைப்பு சில வருடம் கழித்து வரலாம். ஆகவே இதை வெட்கப்படும் விஷயமாகப் பார்க்காமல் முன்கூட்டி வந்த தந்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஈசிஜி, கொழுப்பு, மூன்று மாத சராசரிச் சர்க்கரை, மூன்றையும் இந்த மாதமே பாருங்கள். மனக்கவலையால் வருவது பெரும்பாலும் திடீரென்று வரும், விடியற்காலை விறைப்பு மட்டும் இருக்கும். உங்களுக்கு அதுவும் இல்லை.

பிரஷர் மாத்திரையை இன்றே மறுபடி தொடங்குங்கள். சில வகை மாத்திரைகள் இந்தத் தொந்தரவைத் தருவது உண்மை. அதற்கு வழி மாத்திரையை மாற்றச் சொல்வது, நீங்களாக நிறுத்துவது இல்லை.

அந்த லாட்ஜ் ஆட்களைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். ஆண்மையைக் கூட்டுகிறேன் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். ஆனால் பஸ் ஸ்டாண்டு தூணைப் பாருங்கள், சுவரொட்டிக்கு மேல் சுவரொட்டி. பெரிய ஆஸ்பத்திரி வாசலிலேயே 'டோக்கன் கிடைக்காது சார், நம்மகிட்ட ஒரு ஸ்பெஷலிஸ்ட் இருக்கார்' என்று கூட்டிப்போக ஆள் நிற்கிறது, அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். ஆம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவர் என்னிடம் வந்தார். முகம் இட்லி மாதிரி உப்பியிருந்தது, சர்க்கரை 400-க்கு மேல். சட்டைப் பையிலிருந்து தினத்தாள் கிழிசலில் மடித்த கருப்பு உருண்டைகளை எடுத்துக் காட்டினார். அந்த முகத்தைப் பார்த்ததுமே உள்ளே ஸ்டீராய்டு, அதாவது முகத்தை உப்ப வைத்துச் சர்க்கரையை ஏற்றும் மருந்து, இருக்கும் என்று தோன்றியது. உருண்டையை நிறுத்தி, ஒழுங்கான வைத்தியம் செய்ததில் மெல்ல வடிந்தது. முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் அரசு ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார்கள், லாட்ஜில் அறை எடுக்க மாட்டார்கள்.

சரி, மெடிக்கல் மாத்திரை. சில்டெனாஃபில் நல்ல மருந்துதான், சர்க்கரைக்காரர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்கும். சுமார் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும், ஆசை இல்லாமல் தானாக வேலை செய்யாது, வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். ஆனால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். காரணம் ஒன்று, அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, சார்பிட்ரேட் என்பார்கள், உங்கள் வீட்டில் யாருக்காவது கொடுத்தது இருக்கிறதா? அந்த வகை மருந்து எதையாவது நீங்கள் எப்போதாவது எடுத்தாலும், தினமும் எடுத்தாலும், சில்டெனாஃபில் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஒரேயடியாக இறங்கும், ஆளே போய்விடலாம். இதைத் திருப்பியும் பாருங்கள்: சில்டெனாஃபில் போட்டிருக்கும்போது நெஞ்சு அடைத்தால், வீட்டில் இருக்கிறதே என்று அந்த நாக்கடி மாத்திரையை வைத்துவிடாதீர்கள். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், அதே வகையைச் சேர்ந்த டடாலஃபில் என்றால் 48 மணி நேரம் கழியணும். 108-ஐக் கூப்பிடுங்கள். வந்தவர்களிடம், மனைவி பக்கத்தில் இருந்தாலும், எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். நிறைய பேர் இந்த இடத்தில்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

உங்களைக் குறை சொல்வதற்கில்லை. சர்க்கரை கிளினிக்கில் வரிசையில் நின்று உள்ளே போனால் ஒரு நிமிஷம், அட்டையில் நம்பர், மாத்திரை, அடுத்த ஆள். ஒன்பது வருடத்தில் ஒருவராவது 'வீட்டில் எல்லாம் சரியா?' என்று கேட்டிருக்க மாட்டார். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வாசலுக்கே வருகிறது, நல்ல காரியம். ஆனால் கொண்டு வருபவர் தெருவில் தெரிந்த பெண், அவரிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்? மனைவிக்குச் சர்க்கரை இருந்தால் அவருக்கும் வறட்சி, எரிச்சல், பூஞ்சைத் தொற்று வரலாம். அவரை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

அடுத்த முறை போகும்போது கதவுப் பக்கம் நின்று 'இன்னொரு விஷயம்' என்று இழுக்காதீர்கள், உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். லேகியத்தை இன்றோடு விட்டுவிட்டு, இரண்டு மூன்று நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் திடீரென நிறுத்தியதும் சோர்வு, தலைசுற்றல், வாந்தி வரலாம், வந்தால் காத்திருக்காமல் உடனே போங்கள். காலி டப்பாவைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துப் போங்கள்.