மல்லாந்து கிடக்கிறது, துடிக்கிறது, காலை இழுக்கிறது: டரான்டுலா வளர்ப்போர் கேள்விகளும் பதில்களும்

வணக்கம். 2004 முதல் லண்டனில் டரான்டுலா வளர்க்கிறேன். நான் கால்நடை மருத்துவர் அல்ல. இருபது ஆண்டுகளாக இந்தச் சிலந்திகளை அருகிருந்து பார்த்துக் கற்றதைத்தான் எழுதுகிறேன். உங்கள் சிலந்தி விநோதமாக நடந்துகொண்டால் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் பாருங்கள். கால்கள் எப்படி மடிந்திருக்கின்றன, எந்தக் கால் அசைய மறுக்கிறது, வாயருகே என்ன இருக்கிறது என்று எழுதினால்தான் என்னால் பதில் சொல்ல முடியும்.

ஹாரோவிலிருந்து: அக்கா, என் மெக்சிகோ சிவப்பு முழங்கால் டரான்டுலா காலையிலிருந்து மல்லாந்து கிடக்கிறது. கால்கள் எல்லாம் மேலே. புரட்டிப் போடட்டுமா?

தொடாதீர்கள், தம்பி. அது தோலுரிக்கப் போகிறது. சாகும் தறுவாயில் இருக்கும் சிலந்தி பெரும்பாலும் குப்புறக் கிடந்தபடியே கால்களை உடலுக்கடியில் சுருட்டிக்கொள்ளும். மல்லாந்து கிடப்பது அநேகமாகத் தோலுரிக்கும் நிலைதான். இப்போது புரட்டினால் பழைய தோலுக்குள் கால்கள் மாட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் உயிருள்ள பூச்சி இருந்தால் அதை மட்டும் மெல்ல எடுத்துவிடுங்கள். இளந்தோலை அது கடித்துவிடும். சிறு குஞ்சு சில நிமிடங்களில் முடித்துவிடும், பெரிய பெண் சிலந்திக்கு ஒரு நாள்கூட ஆகலாம். முடிந்த பிறகு நச்சுப்பற்கள் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும். நன்றாகக் கறுத்த பிறகே உணவு.

டொராண்டோவிலிருந்து: என்னுடைய சிலி ரோஜா டரான்டுலா கால்களைச் சுருட்டிக்கொண்டு ஒரு மூலையில் கிடக்கிறது. தொட்டால் மெதுவாக நகர்கிறது. பக்கவாதமா?

பக்கவாதம் அல்ல, தாகம் என்றே நினைக்கிறேன். சிலந்தியின் காலில் இரண்டு முக்கிய மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. உடலிலுள்ள இரத்தத்தை அழுத்திக் காலுக்குள் செலுத்தித்தான் அது காலை நீட்டுகிறது. உடலில் நீர் குறைந்தால் அழுத்தம் குறையும், மடக்கும் தசை மட்டும் வேலை செய்யும், கால்கள் உள்ளே சுருண்டுவிடும். வயிறு திராட்சைபோல வற்றிச் சுருங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒரு பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றுங்கள். சிலந்தியைத் தூக்கி, தலைப்பக்கம் மட்டும் தண்ணீரில் படும்படி மூடியின் விளிம்பில் சாய்த்து வையுங்கள். வாய் அடிப்பக்கத்தில், நச்சுப்பற்களுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த இடம் நனைந்தால் போதும். வயிறு தண்ணீரில் மூழ்கக் கூடாது, சுவாச உறுப்புகள் நான்கும் வயிற்றின் அடியில்தான் இருக்கின்றன. ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். தாகம்தான் காரணமென்றால் முதலில் முன்கால்கள் மெல்ல விரியும். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

ஈரத் துணி போட்டு மூடிய டப்பாவில் நாள்கணக்கில் அடைத்து வைப்பதைச் சிலர் இன்னமும் பரிந்துரைக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. காற்றோட்டமில்லாத ஈரம் பூஞ்சையைத்தான் வளர்க்கும். தண்ணீர் உள்ளே போக வேண்டியது வாய் வழியாக.

பாரிஸிலிருந்து: அக்கா, மூன்று நாளாக என் சிலந்தி குடித்தவர்போலத் தள்ளாடுகிறது. கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன. திடீரென்று எகிறி விழுகிறது. இதற்கு மருந்து உண்டா?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போதெல்லாம் கை தயங்குகிறது. நீங்கள் சொல்வதை வளர்ப்போர் டிகேஎஸ் என்கிறார்கள், இயக்கச் சீர்குலைவு என்று சொல்லலாம். இது ஒரு தனி நோயின் பெயர் அல்ல, அறிகுறிகளின் தொகுப்பு. எட்டுக் கால்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் தனித்தனியே துடிக்கும். நரம்பைத் தாக்கும் நச்சு, குறிப்பாகப் பூச்சிக்கொல்லி, இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை. யாராவது மருந்து விற்றால் வாங்காதீர்கள்.

2011இல் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பூனையின் கழுத்தில் தெள்ளுப்பூச்சி மருந்து விட்டேன். கையைச் சரியாகக் கழுவாமல் சிலந்தியின் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றினேன். இரண்டாம் நாள் இரவு, பிளாஸ்டிக் பெட்டியின் சுவரில் யாரோ நகத்தால் தட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், கால்கள் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தன. ஒன்பது நாள் உயிரோடு இருந்தது. என் கைதான் காரணம் என்றே இன்றும் நம்புகிறேன்.

நீங்கள் இன்றே செய்ய வேண்டியது: வேறொரு புதிய பெட்டி, அடியில் வாசனையோ அச்சோ இல்லாத வெள்ளைக் காகிதத் துண்டு, தட்டையான தண்ணீர்க் கிண்ணம், நல்ல காற்றோட்டம். பழைய தேங்காய் நார்த்தூளையும் மரப்பட்டையையும் மிச்சமிருக்கும் தீனிப் பூச்சிகளையும் அப்படியே தூக்கி எறியுங்கள். மோதி அடிபடும்படியான கல், சட்டி எதுவும் உள்ளே வேண்டாம். அறை இருட்டாகவும் அமைதியாகவும் இருக்கட்டும். பல சிலந்திகள் பிழைப்பதில்லை. ஆனால் சில பிழைத்திருக்கின்றன, அதனால் முதல் வாரத்திலேயே கைவிட்டுவிடாதீர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: கொசுவத்திச் சுருளும் மின்சாரக் கொசுவிரட்டியும் அதே அறையில் இருக்கலாமா?

கூடாது. இரண்டிலும் பூச்சிகளின் நரம்பைத் தாக்கும் பைரித்ராய்டு வகை மருந்துதான் இருக்கிறது. சிலந்திக்கும் அது நஞ்சு. உங்களுக்குக் கொசுவலை போதும்.

பர்மிங்ஹாமிலிருந்து: இரண்டு மாதமாகச் சாப்பிடவில்லை. நுனிக்காலில் நடப்பதுபோல நடக்கிறது. வாயருகே வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது.

இதை உடனே தனிமைப்படுத்துங்கள். பட்டினி மட்டும் என்றால் நான் கவலைப்பட மாட்டேன், தோலுரிப்பதற்கு முன் மாதக்கணக்கில் சாப்பிடாத சிலந்திகள் உண்டு. நுனிக்கால் நடையும் வாயில் வெள்ளைக் கசிவும் சேர்ந்தால் நூற்புழுவாக இருக்கலாம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக ஆய்வாளர்கள் 2022இல் டரான்டுலாவைத் தாக்கும் ஒரு புதிய நூற்புழுவை விவரித்து, நடிகர் ஜெஃப் டேனியல்ஸின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அதில் சொல்லப்பட்ட அறிகுறிகளும் இவைதான். வாய்ப்பக்கத்துக் குறுங்கால்களை அசைக்க முடியாமல், உண்ண முடியாமல் சிலந்தி மெல்ல மெல்லப் பட்டினியால் சாகிறது.

வெள்ளைப் பொருளைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைத்து, உருப்பெருக்கியில் பாருங்கள். நூல்போல நெளிந்தால் புழு. நம்பகமான சிகிச்சை இல்லை. மற்றச் சிலந்திகளைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை: இடுக்கி, கிண்ணம் எல்லாம் தனி, கடைசியாக அந்தப் பெட்டியைத் தொட்டுவிட்டுக் கை கழுவுங்கள்.

ஹாரோ தம்பி மீண்டும்: தோலுரித்துவிட்டது, நன்றி. ஆனால் ஒரு கால் கோணலாக இழுபடுகிறது.

பழைய தோல் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லிய தூரிகையால் தடவுங்கள், பிய்த்து இழுக்க வேண்டாம். வெறும் கோணல் என்றால் விட்டுவிடுங்கள். தேவைப்பட்டால் அதுவே காலை அடிமூட்டில் கழற்றிவிடும். அடுத்தடுத்த தோலுரிப்புகளில் புதிய கால் முளைக்கும்.

லீட்ஸிலிருந்து: மூடியிலிருந்து விழுந்துவிட்டது. வயிற்றில் வெளிர்நீலத் துளி கசிகிறது.

அதுதான் இரத்தம். இதில் நேரம் முக்கியம். சோளமாவைக் கசியும் இடத்தில் தூவுங்கள், நிற்கும்வரை மறுபடி மறுபடி. பிறகு தண்ணீர் வைத்துத் தனியே விடுங்கள். கையில் எடுக்கும்போது கண்ணாடி அணியுங்கள், அமெரிக்க இனங்களின் வயிற்று மயிர் கண்ணில் பட்டால் பெருந்துன்பம். இனிமேல் தரைவாழ் இனத்துக்கு மண்ணிலிருந்து மூடிவரை, விரித்த கால்களின் நுனிக்கு நுனி அகலத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் உயரம் வேண்டாம்.

வவுனியாவிலிருந்து: எங்கள் பக்கத்தில் புலிமுகச் சிலந்தி என்பார்கள். மரம் வெட்டும்போது ஒன்று விழுந்து அசையாமல் கிடக்கிறது. வளர்த்துக் காப்பாற்றலாமா?

காப்பாற்றலாம், வளர்க்க வேண்டாம், தங்கச்சி. அந்தப் பேரினம் பொசிலோதீரியா. 2019 முதல் அதன் பன்னாட்டு வர்த்தகம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. வட இலங்கையில் கிடைத்த ஓர் இனம் 2012இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. கையால் தொடாதீர்கள். கடித்தால் கடும் தசைப்பிடிப்பு வரும், மருத்துவமனைக்குப் போக நேரும். நீண்ட குச்சியால் ஒரு பெட்டிக்குள் தள்ளி, மூடியில் தண்ணீர் வைத்து நிழலில் விடுங்கள். மாலையில் நடமாடினால், வெட்டாத பழைய மரமொன்றின் பொந்தருகே விட்டுவிடுங்கள்.

பாரிஸிலிருந்து, பதினொரு நாள் கழித்து: அக்கா, நீங்கள் சொன்னபடி செய்தேன். துடிப்பு நிற்கவில்லை. ஆனால் நேற்றிரவு தானாகவே கிண்ணத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்தது.

கிண்ணத்தைக் கண்டுபிடித்துப் போனதா? முகத்தைத் தண்ணீரில் வைத்து நின்றதா? அப்படியென்றால் கால்கள் ஓரளவு ஒத்துழைக்கத் தொடங்கியிருக்கின்றன. உயிருள்ள இரை வேண்டாம். புதிதாக வாங்கிய ஒரு சிள்வண்டைக் கொன்று, வாயருகே வையுங்கள். ஒரு நாளில் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். காகிதத்தை வாரம் இருமுறை மாற்றுங்கள். தோலுரித்த பிறகு தேறியவை உண்டு. மல்லாந்து படுத்தால் தொடாமல் எனக்கு எழுதுங்கள், எந்த நேரமானாலும்.