பெண் கடத்தல் செய்தி வந்ததும் ஆளாளுக்கு ஊகம் எழுதுவதால் பெண்களுக்குப் பாதுகாப்பு கூடுகிறதா?

கேட்டவர் இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிந்து கேட்டிருக்கிறார். எங்காவது ஒரு பெண்ணைக் கடத்திவிட்டதாகச் செய்தி வந்தவுடனே முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் எல்லோரும் துப்பறியக் கிளம்பிவிடுகிறார்களே, அதனால் உருப்படியாக ஏதாவது நடக்கிறதா என்பது ஒன்று. ராத்திரியில் ரோட்டில் தனியாக நடப்பது நிஜமாகவே அவ்வளவு ஆபத்தா என்பது இன்னொன்று.

இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. 2022 நவம்பரில் ஒரு ராத்திரி முழுக்க நான் கடத்தப்பட்ட பெண்ணாக இருந்தேன். விடிந்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

எங்கள் ஊர் குருபரப்பள்ளிக்கும் சூளகிரிக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. எனக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, அப்போது பி ஷிப்ட். பத்து மணிக்கு முடித்துக் கம்பெனி பஸ் ஏறினால் எங்கள் ஸ்டாப்பில் இறங்கப் பதினொன்று ஆகும். ஸ்டாப் என்று பெயர்தான். ஒரு பாலம், அதற்குக் கீழே ஊருக்குத் திரும்பும் ரோடு, அவ்வளவுதான். சர்வீஸ் ரோட்டில் ஒரு விளக்கு எரியும். பாலத்தடியில் எரியாது. அதைத் தாண்டி முக்கால் கிலோமீட்டர், இரண்டு பக்கமும் மாந்தோப்பு. பஞ்சாயத்து போட்ட முதல் விளக்கு ஊர் தொடங்குகிற இடத்தில்தான். அதனால் தினமும் அப்பா எக்ஸ்எல்லில் வந்து நிற்பார்.

அன்றைக்கு அப்பா வரவில்லை. சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் ஆயா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அப்பாவும் அம்மாவும் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. என்னை நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரச் சொல்லிப் பெரியப்பா மகனை அனுப்பியிருந்தார்கள். அண்ணனிடம் ஒரு வெள்ளை ஆம்னி உண்டு, ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றுகிற வண்டி. பிசுபிசுவென்று தூறல். கண்ணைக் கூசும் ஹெட்லைட்டோடு ஒரு வேன் பக்கத்தில் வந்து நின்று, உள்ளேயிருந்து ஒரு ஆண்குரல் “ஏறு, சீக்கிரம் ஏறு” என்றால் எவள் ஏறுவாள்? நான் பின்னால் நகர்ந்தேன். அவன் பதற்றத்தில் இறங்கி வந்து என் பையைப் பிடித்து இழுத்தான். “ஆயா விழுந்துடுச்சு பாப்பா!” முகத்தைப் பார்த்தேன், ஏறினேன். கதவை ஓங்கிச் சாத்தினான், அந்த வண்டிக் கதவு அப்படிச் சாத்தினால்தான் மூடும். குடை கீழேயே விழுந்துவிட்டது. ஊதா நிறக் குடை, ஒரு கம்பி வளைந்தது.

நடந்தது இவ்வளவுதான்.

எங்கள் தெருத் தாத்தா ஒருவர், அறுத்துப் போட்டிருந்த கேழ்வரகின் மேல் தார்ப்பாயை இழுத்துவிட அந்த நேரத்தில் வயலுக்கு வந்திருக்கிறார். தூரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். வீட்டுக்குப் போய் ஊர் குரூப்பில் ஓர் ஆடியோ போட்டார். பின்னாட்களில் அதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தமிழும் தெலுங்குமாகக் கலந்து, மூச்சு வாங்க வாங்கப் பேசுகிறார். வெள்ளை வேன், ஒரு பொண்ணு, பையைப் பிடித்து இழுத்தான், பொண்ணு பின்னால் போச்சு, கதவைச் சாத்திக்கொண்டு கிருஷ்ணகிரிப் பக்கம் போயிட்டான். நடுவில் ஒரு குழந்தை “தாத்தா, தண்ணி” என்று கேட்கும். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

பொய்யெல்லாம் அடுத்தடுத்த ஆட்கள் போட்டதுதான். பன்னிரண்டு மணிக்குள் ஒருவன் டார்ச்சோடு போய்க் குடையைப் படம் எடுத்துப் போட்டுவிட்டான். ஒரு வேன் மூன்றாகிவிட்டது. பெங்களூருக்குக் கடத்தும் கும்பல் என்றார் ஒருவர். வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் எப்படியோ வெளியே வந்தது, அது நிஜமாகவே அண்ணன் வண்டி எண். இதற்கு நடுவில் யாரோ நல்ல புத்தியுள்ளவர் அப்பாவின் பட்டன் போனுக்கு அடித்துக் கேட்டிருக்கிறார். “அவ இங்கதான் இருக்கா, எங்கம்மாவுக்கு அடிபட்டுடுச்சு” என்று அப்பா சொன்னதை அப்படியே குரூப்பில் போட்டிருக்கிறார். அதோடு முடிந்திருக்க வேண்டும் அல்லவா? அதற்குக் கீழே வந்த பதில்: “குடும்பத்தை மிரட்டி அப்படிச் சொல்ல வைக்கிறாங்க.” அதற்கும் கீழே: “அண்ணன்னு சொல்வாங்க, உண்மையில லவ் மேட்டரா இருக்கும்.”

எங்கள் பக்கத்தில் கடத்தல் என்றால் மக்களுக்குத் தெரிந்தது இரண்டே கதை. ஒன்று வெள்ளை வேன், இன்னொன்று ஓடிப்போனது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இரண்டாவது கதை நன்றாகவே தெரிந்திருக்கும். பெண் வேறு சாதிப் பையனோடு போய்விட்டால் வீட்டார் ஸ்டேஷனில் “என் பொண்ணைக் கடத்திட்டான்” என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள். இரண்டு நாள் கழித்து மாலையும் கழுத்துமாகப் பெண் வந்து நிற்பாள். 18 வயது நிரம்பியவள் தன் விருப்பத்தில் போனால் சட்டப்படி அது கடத்தலே இல்லை. அதற்குக் கீழே என்றால் அவள் சம்மதித்தே போயிருந்தாலும் கடத்தல்தான். இந்தக் கோடு ஊர்ப்பேச்சில் கிடையாது. 2012-ல் தர்மபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் பக்கம், சாதி தாண்டிய ஒரு காதல் திருமணத்துக்குப் பிறகு மூன்று காலனிகளில் வீடுகள் எரிந்ததைப் பார்த்த பகுதி இது. அதனால் நிஜமாகவே ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனாலும் முதலில் காதில் விழுவது “எவன்கூடப் போனாளோ” என்பதுதான். அந்தச் சந்தேகத்திலேயே முதல் சில மணி நேரம் போய்விடும். தேடுவதற்கு ரொம்ப முக்கியமான நேரம் அதுதான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கே இரண்டு போலீஸ்காரர்கள் வந்து என்னைப் பார்த்தார்கள். மூத்தவர் நல்ல மனிதர், ஆயாவுக்கு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: “ஆடியோ மட்டும் எனக்கே பதினாறு பேர் அனுப்பிட்டாங்கம்மா. ஆனா 100-க்கு ஒரு போன் வரல.”

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இந்த வரிதான். தாத்தா கையில் போன் இருந்தது. 100-ஐயோ அவசர உதவி எண் 112-ஐயோ அழுத்தியிருக்கலாம். நான் நிஜமாகவே கடத்தப்பட்டிருந்தால் வண்டி போகும் திசையும் நிறமும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், எந்தப் பக்கம் போனாலும் நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி வேறு இருக்கிறது. அவர் குரூப்பில் சொன்னார். கேட்ட அத்தனை பேரும் வேறு யாராவது போலீஸுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து, ஊகத்தை மட்டும் எழுதினார்கள். எழுதி முடித்ததும் ஏதோ செய்துவிட்ட நிம்மதியில் தூங்கியிருப்பார்கள்.

“ஏன் போன் பண்ணவில்லை” என்று நான் கேட்பது பார்த்தவர்களை. பாதிக்கப்பட்டவளை அல்ல. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. 2019 நவம்பரில் ஹைதராபாத் பக்கம் ஷம்ஷாபாத்தில், சுங்கச்சாவடி அருகே ஸ்கூட்டரை நிறுத்தியிருந்த கால்நடை மருத்துவர் ஒருவரை டயர் பஞ்சர் என்று ஏமாற்றிக் கொண்டுபோய்ப் பாலியல் வல்லுறவு செய்து கொன்றார்கள். உடலை எரித்தது ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தடியில். எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறதே, அதே 44-ஆம் எண் ரோடுதான். பயமாக இருக்கிறது என்று அந்தப் பெண் கடைசியாகத் தங்கைக்குப் பேசியிருந்தாள். தங்கைக்குப் பதில் 100-க்குப் பேசியிருக்கலாமே என்றார் அந்த மாநில உள்துறை அமைச்சர். வீட்டார் தேடிப் போனபோது ஸ்டேஷனில் எல்லைப் பிரச்சினை பேசி இழுத்தடித்தார்கள், அதற்காக மூன்று போலீஸார் பணியிடை நீக்கம் ஆனார்கள். நாடு முழுக்க அவள் பெயரையும் படத்தையும் பரப்பினார்கள், அப்படி வெளியிடுவதே குற்றம் என்று தெரியாமல். அந்த மாதம் முழுக்க என் அம்மா சொன்னது ஒன்றுதான்: “பஞ்சர் ஆனாலும் நிக்காதடி, அப்படியே ஓட்டிட்டு வந்துடு.”

இப்போது எல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. எந்த ஸ்டேஷனில் வேண்டுமானாலும் ஜீரோ எஃப்ஐஆர் போடலாம், 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது எழுத்திலேயே இருக்கிறது. காணாமல் போனால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181. தமிழ்நாடு போலீஸின் ‘காவல் உதவி’ செயலியும் இருக்கிறது. சரி, இது போதும், மற்றதைத் தேடினால் கிடைக்கும்.

என் கதை அந்த ராத்திரியோடு முடியவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் ராயக்கோட்டையில் தக்காளி இறக்கிக்கொண்டிருந்தபோது ஏழெட்டுப் பையன்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த நான்கு எண். ஒருவன் சாவியைப் பிடுங்கிவிட்டான், இன்னொருவன் வீடியோ எடுக்கிறான். அண்ணனைப் பத்து வருஷமாகத் தெரிந்த மண்டிக்காரர் ஒருவர் நடுவில் புகுந்து கத்தியதால் தப்பினான். சட்டை கிழிந்ததோடு போயிற்று. 2018 மே மாதம், ஊத்தங்கரையைத் தாண்டினால் வருகிற திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த வயதான அம்மா ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்த வருஷம் நாடு முழுக்க இப்படிப் பல சாவுகள். ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து ஆளுக்கோ குரூப்புக்கோ மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஐந்து என்பது எங்கள் ஊருக்குத் தாராளமாகப் போதும்.

ரோடு ஆபத்தா என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அந்த முக்கால் கிலோமீட்டரில் எத்தனையோ முறை எனக்கு நெஞ்சு அடித்திருக்கிறது. ஆனால் எல்லோரும் வேனில் வரும் முகம் தெரியாத ஆளைத்தான் தேடுகிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகளில் பாலியல் வல்லுறவு வழக்குகளை எடுத்துப் பார்த்தால், பத்தில் ஒன்பதுக்கு மேல் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த ஆள்தான். லண்டனில் 2021 மார்ச்சில் ஒரு பெண் ராத்திரி 9 மணிக்குப் பெரிய ரோடு வழியாக, போனில் காதலனோடு பேசிக்கொண்டே நடந்து போனாள். பெண்களுக்குச் சொல்லித்தருகிற ஜாக்கிரதைகளில் அவள் எதையும் விடவில்லை. அவளைக் கொண்டுபோனவன் அடையாள அட்டையைக் காட்டிக் கைது செய்வதாக நடித்த ஒரு போலீஸ்காரன். அப்போதும் “அந்த நேரத்தில் ஏன் நடந்தாள்” என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்த நேரத்தில் வீடு ஊருக்குள் இருக்கிறது, வேலை ஊருக்கு வெளியே இருக்கிறது, வேறென்ன?

என் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் மூன்று பெண்கள் வேலையை விட்டார்கள். அவர்களாக விடவில்லை, வீட்டில் நிறுத்திவிட்டார்கள். என் சின்னம்மா மகள் அதில் ஒருத்தி. அவள் சம்பளத்தில்தான் வீட்டுக்கடன் போய்க்கொண்டிருந்தது. அடுத்த தை மாதமே அவளுக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள். நான் கடத்தப்படவே இல்லை என்று ஊருக்கே தெரிந்த பிறகு நடந்தது இது. “நெசமோ பொய்யோ, பேரு வந்துடுச்சில்ல” என்றார் சித்தப்பா. அந்த ஆடியோவை நானூறு பேராவது கேட்டிருப்பார்கள். பாலத்தடியில் ஏன் விளக்கில்லை என்று ஒருவர்கூட எழுதவில்லை.

விளக்கு யார் பொறுப்பு என்று கேட்டுப் பார்த்தேன். பாலம் நெடுஞ்சாலைக் கணக்கு, உள்ளே போகும் ரோடு பஞ்சாயத்துக் கணக்கு. மே 1 கிராம சபையில் எழுந்து கேட்டேன், திங்கட்கிழமை மனு நாளில் வரிசையில் நின்றும் கொடுத்தேன். ரசீது பத்திரமாக இருக்கிறது, விளக்கு வரவில்லை. வேறொன்று நடந்தது. பெண்களை இரவுப் பணிக்கு வைக்கக்கூடாது என்ற பழைய தடையை 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியபோது, போக்குவரத்து வசதியையும் ஒரு நிபந்தனையாக வைத்தது என்று யூனியனில் ஒரு அக்கா சொன்னார். பாலத்தில் இறக்கிவிடுவதா வசதி? ஒரு ராத்திரி எங்கள் ஸ்டாப்பில் ஆறு பேரும் பஸ்ஸை விட்டு இறங்காமல் உட்கார்ந்துகொண்டோம். டிரைவர் அண்ணன் முதலில் திட்டினார், அப்புறம் சூப்பர்வைசருக்குப் போன் போட்டார், அப்புறம் பேசாமல் வண்டியைப் பாலத்தடியில் திருப்பினார். இப்போது மாரியம்மன் கோயில் வரைக்கும் பஸ் வருகிறது. அவருக்குக் கூடுதலாகப் பத்து நிமிஷம்.

தாத்தாவிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. ஊதாக் குடையை மறுநாளே எடுத்துவந்து, வளைந்த கம்பியை நிமிர்த்தி, எங்கள் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனவர் அவர்தான்.

போன ஆடி மாதம் தர்மபுரியிலிருந்து அத்தை ஓர் ஆடியோவை அனுப்பியிருந்தார். தர்மபுரி நாலு ரோட்டில் நேற்று ராத்திரி நடந்தது, எல்லோருக்கும் பகிரவும் என்று மேலே எழுத்து. கீழே அத்தை தன் பங்குக்கு, “பாத்து வா பாப்பா” என்று போட்டிருந்தார். பாதி கேட்கும்போதே குழந்தைக் குரல் வந்தது. தாத்தா, தண்ணி.

“அத்தை, இது நான்தான்” என்று பதில் போட்டேன்.

ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு வரி வந்தது. “அய்யய்யோ, எப்போ?”