லேடி மெக்பெத்: நடுவில் உள்ள பாலம்

ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகத்தில் லேடி மெக்பெத்தாக நடிக்கும் நீங்கள், முதல் அங்கத்தில் கல்லாக நிற்பவள் ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்து கையைத் தேய்க்கிறாள், ஒத்திகையில் இரண்டு வெவ்வேறு பெண்களாகத் தெரிகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் பாலம் இருக்கிறது. உங்கள் மேடைப் பிரதியில் அதை வெட்டிவிட்டார்களா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. அவளும் கணவன் மெக்பெத்தும் கொல்லத் திட்டமிட்ட அரசன் டங்கன், தூங்கும்போது தன் அப்பாவைப் போல் இருந்ததால்தான் தானே குத்தவில்லை என்கிறாள். போகிற போக்கில் வரும் வரி; அழுத்தவும் வேண்டாம், விழுங்கவும் வேண்டாம். அதற்கு முன்பே மது தனக்குத் துணிச்சல் தந்ததாகச் சொல்லிவிடுகிறாள். கல்நெஞ்சக்காரிக்கு மது எதற்கு?

அடுத்து மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. மிகச் சிறியது, ஆனால் உங்களுக்கு உயிர்நாடி அதுதான். சொந்தக் கணவனிடம் சில வார்த்தை பேச வேலைக்காரனிடம் சொல்லியனுப்புகிறாள். எல்லாம் செலவாகியும் நிம்மதி இல்லையே என்று தனியாக நொந்துகொள்கிறாள். அவன் வந்ததும் குரலை மாற்றிக்கொண்டு அவனைத் தேற்றுகிறாள். அந்த மாற்றத்துக்கு முன் ஒரு மூச்சு நில்லுங்கள். நண்பன் பாங்கோவைக் கொல்லும் ஏற்பாட்டை அவன் அவளிடம் மறைப்பதும் இங்கேதான். முதல் அங்கத்தில் அவன் ஆண்மையைச் சீண்டியே அவனை ஆட்டிவைத்தவள் இனி அவனுக்குத் தேவையில்லை. என்னைக் கேட்டால், குற்றவுணர்வுக்கு முன்பே இந்த ஒதுக்கம் அவளை அரிக்கத் தொடங்கிவிடுகிறது.

தூக்க நடையில் அலறாதீர்கள். அவள் அங்கே பேசுவது உடைந்த உரைநடை. பாதி கணவனுக்கான பழைய கட்டளைகள். கொலை இரவில் எப்படிக் கை கழுவியிருப்பீர்களோ, அதே அசைவை அங்கே நிதானமாகச் செய்யுங்கள்.